கப்பலுக்கு வாரண்ட்

அத்தியாயம் 8

“கப்பலைக் கைது பண்ணினா விலங்கை எங்க மேடம் மாட்டுவாங்க? நங்கூரத்துலயா?”

இந்தக் கேள்விக்குக் கற்பகவல்லி என்னைக் காரை விட்டே இறக்கியிருப்பார். இறக்கினால் காரை ஓட்ட ஆளில்லை. அந்தத் தைரியத்தில்தான் என் வாய் இவ்வளவு நீளம்.

என் பெயர் பலவேசம். துப்பறியும் நிபுணர் கற்பகவல்லியின் உதவியாளன் என்று விசிட்டிங் கார்டில் இருக்கிறது. டிரைவர், டீ வாங்கி வருபவன், திட்டு வாங்கிக்கொள்பவன் ஆகிய பதவிகள் கார்டில் இடம் பற்றாமல் விடுபட்டவை. மேடம் ஒரு காலத்தில் தூத்துக்குடியில் கப்பல் இன்சூரன்ஸ் சர்வேயர். முங்கிய சரக்கில் எவ்வளவு பொய் என்று பார்க்கிற உத்தியோகம். அதிகாரி ஒருவரின் பொய்யையும் சேர்த்துப் பார்த்துவிட்டதால் வேலை போனது. கடல் வாடையே இல்லாத விருதுநகரில் வந்து போர்டு மாட்டினார்.

“வாரண்டைக் கப்பல்லயே கொண்டுபோய் ஒட்டுவாங்க. ஐகோர்ட் விடச் சொல்ற வரைக்கும் அது அசையக் கூடாது” என்றார் மேடம்.

“ஓனரைப் பிடிக்கிறதை விட்டுட்டு இரும்பைப் பிடிச்சு என்ன பிரயோசனம்?”

“ஓனர் எங்க இருக்கான்? பனாமாவுல ஒரு பெயர்ப் பலகையா இருக்கான். பலகை மேல கேஸ் போட நாம பஸ் ஏறிப் பனாமாவுக்குப் போகவா? அதனாலதான் கடல் சட்டத்துல கப்பலையே ஒரு ஆளா நினைச்சு, அது மேலயே கேஸ் போடலாம்னு வச்சிருக்காங்க. அதுல வேலை பார்த்தவனோட சம்பளமும் உயிரும் அந்தக் கப்பலைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். யாருக்குக் கைமாறினாலும் விடாது. ஓனர் ஜாமீன் கட்டினா கப்பலைக் கூட்டிட்டுப் போகலாம். ஆனா ஜாமீன் இல்லாம நம்ம கடலைத் தாண்டிருச்சுன்னா அதோட கதை முடிஞ்சது.”

பின் சீட்டில் இருந்த முருகம்மாள் இதையெல்லாம் கேட்டும் கேட்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாயிரம்பண்ணைக்காரர். பட்டாசுக் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலை. எங்கள் கட்சிக்காரர் அவர்தான்.

அவருடைய மகன் செல்வக்குமார் ‘ஓஷன் டேலியா’ என்ற சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். போன மாதம், 2006 நவம்பரில், தூத்துக்குடியை விட்டுக் கப்பல் கிளம்பிய அன்றே மேல் தளத்தில் ஒரு கண்டெய்னரில் புகை வந்தது. சிவகாசி கம்பெனி ஒன்று அனுப்பிய கண்டெய்னர். உள்ளே தினசரி காலண்டர் என்று எழுதியிருந்தது. செல்வக்குமார் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி, கடப்பாரையால் கதவை நெம்பினான். கதவு திறந்தது. அவனை அடையாளம் காட்ட இடுப்பு பெல்ட்டின் கொக்கிதான் மிஞ்சியது.

கப்பல் திரும்பி வந்தது. முருகம்மாளுக்காகச் சென்னை வக்கீல் ஒருவரை வைத்துக் கேஸ் போட்டு, கப்பலைப் பிடித்து நிறுத்தியாயிற்று. அதற்குப் பிறகுதான் அயோக்கியத்தனம் ஆரம்பித்தது. எரிந்த இடத்தில் வெடித் தாள் கிடந்ததாம். பட்டாசு ஊர்க்காரன் செல்வக்குமார்தான் வெளிநாட்டில் விற்கத் திருட்டுத்தனமாகப் பட்டாசு கொண்டுவந்து அங்கே ஒளித்துவைத்தானாம். அதனால் நஷ்ட ஈடு கிடையாது, கப்பலை விடுங்கள் என்று கப்பல் வக்கீல் மனுப் போட்டுவிட்டார். நாளைக் காலையில் விசாரணை. எங்கள் பக்கம் சாட்சி இல்லாவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். செத்த பையன் கடத்தல்காரனாகவே செத்துப்போவான்.

“எனக்கு ஒண்ணு விளங்கல மேடம். பட்டாசு கண்டெய்னருக்குள்ளயே இருந்திருந்தா, மறைச்சு அனுப்பின சிவகாசிக்காரன்தானே மாட்டணும்? கப்பல்காரன் ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குறான்?”

“ஆபத்தான சரக்கை மறைச்சு ஏத்தினா, அதால வர்ற நஷ்டம் பூரா அனுப்பினவன் தலையிலதான். சட்டத்துல சந்தேகமே இல்லை. ஆனா கப்பல்காரன் முதல்ல இந்தம்மாவுக்குப் பதில் சொல்லணும். எரிஞ்சுபோன மத்த சரக்குக்காரங்களுக்கும் பதில் சொல்லணும். அப்புறம் சிவகாசிக்காரனைத் தேடி வருசக்கணக்கா அலையணும். பழியைச் செத்தவன் மேல போட்டுட்டா ஒரே நாள்ல வேலை முடிஞ்சது. செத்தவன் வக்கீல் வைக்க மாட்டான்ல?”

இதைப் பெற்றவள் காதுபடத்தான் சொன்னார். மேடம், இங்கிதம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பார். கண்ணாடியில் பார்த்தேன். முருகம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மேடம் ஒரு போட்டோவை எடுத்தார். கதவை மூடுவதற்கு முன்னால் கண்டெய்னரை எடுத்த போட்டோ. உள்ளே காலண்டர் பெட்டிதான் என்று நிரூபிக்கச் சிவகாசிக் கம்பெனியே கோர்ட்டில் கொடுத்திருந்தது. முதுகு காட்டி நின்றபடி நாலைந்து பேர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இதுல யாரையாவது தெரியுதாம்மா?”

முருகம்மாள் வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்தார்.

“கண்ணு மங்கலு தாயி. கிட்டத்துலயும் தெரியாது, தூரத்துலயும் தெரியாது.”

சிவகாசிக்குள் நுழைந்ததும் மேடம் ஒரு அச்சகத்துக் குடோன் வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். நமக்குச் சம்பந்தமே இல்லாத அச்சகம். வாசலில் ஒரு லாரிக்குக் காலண்டர் லோடு ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன தெரியுது பலவேசம்?”

“வேலை செய்யுறவங்க தெரியுறாங்க. வேடிக்கை பார்க்கிற நாம ரெண்டு பேர் தெரியுறோம்.”

“ஒழுங்காப் பாருங்க.”

பார்த்தேன். ஒருத்தன் பெட்டியைக் கீழே இருந்து வீச, மேலே ஒருத்தன் நெஞ்சில் வாங்கினான். இன்னொருத்தன் காலால் தள்ளி வரிசை கட்டினான். மேலே நின்றவனுக்கு வாயில் பீடி. எல்லார் காலிலும் ரப்பர் செருப்பு.

மேடம் போட்டோவை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இப்ப இதைப் பாருங்க. பெட்டியை யாராவது வீசுறாங்களா? பச்சைப் புள்ளையைத் தூக்குற மாதிரி கைக்குக் கை மாத்துறாங்க. தரையில ஈரச் சாக்கு விரிச்சிருக்கு. இந்த மூலையில என்ன?”

மூலையில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஏற்றுகிறவர்கள் அத்தனை பேரும் வெறுங்கால். பின்னால் சிமெண்டுத் தரையில் உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“அடப்பாவிகளா!” என்றேன். இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசுக் கம்பெனியில் செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். பெட்டியைத் தரையில் இழுத்தால் ஃபோர்மேன் தோலை உரித்துவிடுவார். உரசல் பட்டால் வெடிமருந்து பொறுக்காது. அந்தப் பழக்கம் கையிலும் காலிலும் ஊறியது.

“காலண்டரைத் தூக்க எவனாவது செருப்பைக் கழட்டுவானா?” என்றார் மேடம். “முன் வரிசையில மட்டும்தான் காலண்டர். உள்ள பூராவும் வெடி. அதை ஏத்த அச்சகத்து ஆட்களை நம்பாம, வெடி ஆட்களையே வேன்ல கூட்டியாந்திருக்காங்க. அந்தக் காலண்டர் கம்பெனி முதலாளிக்கு ஏழாயிரம்பண்ணையில பட்டாசுக் கம்பெனியும் இருக்கு. இதுல நிக்கிறவங்கள்ல ஒருத்தர் வாயைத் திறந்தாப் போதும்.”

நான் சந்தோஷத்தில் ஹாரனை அடித்தேன். பின் சீட்டில் முருகம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். பாவம், மகன் நினைப்பு என்று எண்ணிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழாயிரம்பண்ணையில் டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினோம். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல் காடு. ரோடு கானல் பறந்து நெளிந்தது. தூரத்தில் ஏதோ புழுதி கிளம்பியது எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

“அந்தா வருது எங்க கம்பெனி வேனு” என்றார் முருகம்மாள்.

மேடம் திரும்பி அவரைப் பார்த்தார்.

வேனிலிருந்து இறங்கியவர்களின் கை எல்லாம் வெள்ளி நிறம். அலுமினியப் பொடி. மேடம் ஒவ்வொருவரிடமும் போட்டோவைக் காட்டினார். வீரலட்சுமி என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், போட்டோவைப் பார்த்தாள். அடுத்து காருக்குள் இருந்த முருகம்மாளைப் பார்த்தாள். “எனக்குத் தெரியாதுக்கா” என்று நடையைக் கட்டினாள். அடுத்தவரும் அப்படியே. போட்டோ, கார், தெரியாது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும் கார் ஜன்னலில் குனிந்து, “சாப்பிட்டீகளா மதினி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

“நன்றி கெட்ட ஜனம் மேடம். பெத்தவ முகத்தைப் பார்த்தும் இரக்கம் வரலியே.”

“இரக்கம் வந்ததாலதான் வாயைத் திறக்கலை பலவேசம்.”

எனக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். ஃபோர்மேன் நாகையா. இஸ்திரி போட்ட சட்டை, பையில் மூன்று பேனா, முகத்தில் மட்டும் வேர்வை.

“என்ன விசாரணை நடக்குது இங்கன? போலீசா நீங்க?”

“இல்லைங்க. காலண்டர் வாங்க வந்தோம்” என்றேன். “கிழிச்சா வெடிக்கிற ரகம் உங்ககிட்ட இருக்கிறதாச் சொன்னாங்க.”

நாகையா என்னை ஒரு மனுசனாகவே மதிக்காமல் நேராகக் கார் ஜன்னலுக்குப் போனார்.

“ஏத்தா முருகம்மா, என்ன செய்யுதேன்னு தெரிஞ்சுதான் செய்யுதியா? கம்பெனிக்குச் சீல் வச்சுட்டா இத்தன குடும்பமும் எங்கன போகும்? ஒம் மக சினேகாவும் இங்கனதான வேல பாக்கா? மவனத்தேன் முழுங்கிட்ட. ஊரையும் முழுங்கணுமா?”

கையை ஓங்கிக்கொண்டு போனேன். மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“நாகையா, கடைசியாச் சொன்னீங்களே, மவனை முழுங்கிட்டன்னு. அதுக்கு என்ன அர்த்தம்?”

நாகையாவுக்கு அப்போதுதான் வாய் தவறிவிட்டது தெரிந்தது. “நான் ஒண்ணும் சொல்லல. உங்களக் கூட்டியாந்தவககிட்டயே கேளுங்க” என்று மொபெட்டை உதைத்தார். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மேடம் பின் கதவைத் திறந்து முருகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். போட்டோவை அவர் மடியில் வைத்தார்.

“கிட்டத்துலயும் தெரியாது, தூரத்துலயும் தெரியாதுன்னீங்க. இவர் கண்ணுக்குப் புழுதி மட்டும் தெரிஞ்சப்ப உங்களுக்கு வேன் தெரிஞ்சது. போட்டோவைக் காட்டினா ஒவ்வொருத்தரும் உங்களைப் பார்த்தாங்க. ‘சொல்லட்டுமா, வேண்டாமா’ன்னு உங்ககிட்ட உத்தரவு கேட்டாங்க. இதுல பச்சைச் சேலை கட்டி முதுகு காட்டி நிக்கிறது யாரும்மா?”

முருகம்மாள் போட்டோவைக் குனிந்து பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார்.

“நாந்தேன்.”

அந்தப் பெட்டிகளைக் கைக்குக் கை வாங்கி, அலுங்காமல் அடுக்கி வைத்தது பெற்ற தாயின் கை.

“வெடின்னு தெரியுமா?”

“தெரியும் தாயி. காலண்டரு அட்டைப்பெட்டியில வெடியப் போட்டுக் கட்டுனதும் நாங்கதேன். வருசா வருசம் போகுது. ஒண்ணும் ஆனதில்ல.”

“சரி. வெடின்னு தெரியும். எந்தக் கப்பலுக்குப் போகுதுன்னு தெரியாது. அப்படித்தானே?” மேடத்தின் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. அவர் அந்தம்மாவுக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிறார் என்று எனக்கே தெரிந்தது. அந்த வழியில் முருகம்மாள் போகவில்லை.

“தெரியும். கப்பலு கெளம்புறதுக்கு முந்தின நா போன் பண்ணுனான். அடுத்த வீட்டு மாடத்தி செல்லுல. ‘எம்மா, எங்க கப்பல்ல நம்ம ஊருப் பெட்டி ஏத்தியிருக்கு. முதலாளி பேரு போட்டிருக்கு. காலண்டராம்ல’ன்னான். சின்னப்புள்ள மாதிரி அம்புட்டுச் சந்தோசம். எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. சொன்னா அவன் நேரா கேப்டன்கிட்டப் போயிருவான். பெட்டிய எறக்கிப் பாப்பாக. கம்பெனி போயிரும். பக்கத்துல மாடத்தி வேற நிக்கா. ‘ஆமாலே, காலண்டருதேன். நானே பாத்தேன்’னு சொன்னேன்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நானாவது தாங்கியிருப்பேன்.

“வெடின்னு தெரிஞ்சா எம் மவன் கிட்டப் போயிருக்கவே மாட்டான் தாயி. மருந்து எரிஞ்சா ஓடணும்னு இந்த ஊருல நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். காயிதந்தான எரியுதுன்னு கதவத் தொறந்துட்டான். ஆத்தா சொன்னாளேன்னு தொறந்துட்டான்.”

டீக்கடையில் யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். நான் போய் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.

“எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?” என்றார் மேடம்.

“வேற யாரையாச்சும் நீங்க கண்டுபிடிச்சிருவீகன்னு வந்தேன். வீரலட்சுமியோ, அந்த மீசைக்காரவுகளோ. யாராச்சும் பெட்டியில வெடி இருந்துச்சுன்னு சொல்லிட்டா போதும். எம் மவன் திருடன் இல்லன்னு ஆயிரும். நான் எதுவுமே சொல்ல வேண்டியதில்ல. அந்த நெனப்புல வந்தேன்.”

மேடம் அடுத்துப் பேசியதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

“அது பத்தாதும்மா. கேப்டன் வாக்குமூலத்துல ஒரு வரி இருக்கு. ‘எங்க ஊர்ச் சரக்கு, நான் பாத்துக்கிடுதேன்’னு செல்வக்குமார் கத்திக்கிட்டே ஓடியிருக்கான். பெட்டியில வெடி இருந்ததை நாம நிரூபிச்சோம்னா, வக்கீல் நாளைக்கே கதையை மாத்துவான். ஊர்க்காரன், அதுலயும் ஏத்தினவளோட மகன், அவனுக்குத் தெரியாம இருக்குமா, அவனும் கூட்டுன்னு சொல்லுவான். உங்க மகனுக்குத் தெரியாதுங்கிறதுக்கு உலகத்துல ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு. அந்த போன்.”

“அதச் சொல்லணுமா?”

“சொல்லணும். நீங்க என்ன சொன்னீங்கன்னும் சொல்லணும். போலீஸ் உங்க மேலயும் கேஸ் போடலாம். வேலை நிச்சயமாப் போகும். சினேகாவுக்கும் போகும். மறைச்சு எழுதித் தரச் சொன்னீங்கன்னா எழுதித் தர்றேன். ஆனா கப்பல் போயிரும், அவன் பேர் அப்படியே கிடக்கும்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “மேடம், கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேணாமா? எரியுற வீட்டுல நிக்கிறவங்ககிட்ட...”

“நாளைக்குக் கோர்ட்ல எதிர்வக்கீல் இரக்கத்தோட கேட்பானா பலவேசம்? இப்பவே என் வாயால கேட்டுக்கட்டும்.”

முருகம்மாள் போட்டோவை மடித்து மேடத்திடம் கொடுத்தார். “எங்கன போயிச் சொல்லணும்? வண்டிய எடுங்க” என்றார்.

விருதுநகர் சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மேடத்துக்குத் தெரிந்த நோட்டரி வக்கீல் இருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரன் ஷட்டரை இறக்கப் போனவன், மேடத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினான். முருகம்மாள் நின்றுகொண்டே சொன்னார். பெட்டி கட்டியது, செருப்பைக் கழற்றியது, ஏற்றியது, போன் வந்தது. டைப் அடித்த பெண் ‘காலண்டருதேன்’ என்ற இடத்தில் கையை எடுத்துவிட்டாள். “அடிம்மா” என்றார் முருகம்மாள். நோட்டரி வாசித்துக் காட்டினார். கையெழுத்து ஆனது. சென்னை வக்கீலுக்கு ஃபேக்ஸ் போனது.

சென்னையிலிருந்து மேடத்தின் செல்லுக்கு உடனே பதில் வந்தது. வக்கீல் கத்திய கத்தலில் எனக்கே கேட்டது. இது போதும், கப்பல் நகராது, பையன் மேல் சொன்ன பழி நிற்காது, சிவகாசிக்காரனும் தப்ப முடியாது என்றார். ஜெயித்த வக்கீல்களுக்குக் குரல் எங்கிருந்துதான் வருமோ.

“ஜெயிச்சாச்சும்மா” என்றேன். எனக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

முருகம்மாள் காரில் ஏறி உட்கார்ந்தார்.

“அந்தக் கப்பல எம்புட்டு நாளு பிடிச்சு வைப்பாக?”

“ஓனர் ஜாமீன் கட்டுற வரைக்கும்” என்றார் மேடம். “கட்டினா உடனே விட்டுருவாங்க.”

“கட்டிருவாகல்ல?”

“கட்டிருவாங்க.”

“அதுக்குக் கட்ட ஆளு இருக்கு. போயிரும்.” அவர் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “என்னைய யாரு தாயி விடுவா?”

நான் வண்டியைக் கிளப்பினேன். ஏழாயிரம்பண்ணைக்குத்தான் போக வேண்டும், அந்தம்மாவுக்கு வேறு வீடு கிடையாது.